ரோஜாவுக்குக் காத்திருந்தேன், தக்காளி வந்தது

அன்று காலை எங்கள் மொட்டை மாடியில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் கீழ் வீட்டு மத்தில்டு அக்கா நினைத்தார். எழுபது வயதில், முழங்கால் வலியோடு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார்.

நான் விழவில்லை. சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் விரலை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுத்துக் கிடந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாத அழுக்கு. அந்த அழுக்கைக் கண்டு ஐம்பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி ஏன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் என்று சொல்ல, ஒன்றரை வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

போன வாரங்களில் எல்லாம் ஆபீஸ் கதையாகவே எழுதிவிட்டேன். முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு வீட்டுக் கதை என்று ஒன்றுமே கிடையாதா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் நடந்த கதை.

காப்பி மட்டும் இல்லை

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் காய்ச்சல் வந்தது. நல்ல வெயில் காலம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு இல்லை. உள் அறையில் தனியாகப் படுத்திருந்தேன். இவர் வாசற்படியில் தட்டை வைத்துவிட்டுப் போவார்.

காய்ச்சல் விட்ட அன்று காப்பி போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, தூள் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். டம்ளரைப் பார்த்தால் நல்ல நிறமாக இருந்தது. சூடு தெரிந்தது. கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் இனிப்பும் நாக்கில் தெரிந்தன. காப்பி மட்டும் அதில் இல்லை.

இரண்டு வாரத்தில் வாசனை திரும்பி வந்துவிடும் என்றார்கள். தெரிந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான் வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. சாம்பிராணி போட்டால் புகை மட்டும் தெரியும். மல்லிகைப்பூவைத் தலையில் வைத்தால் ஈரம் மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் இதை ஒரு பெரிய குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். அதுவும் உண்மைதான். அந்த வருஷம் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் சாவு. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மூக்கால் சமைத்தவள்

ஆனால் நான் சமைத்ததெல்லாம் மூக்கால்தான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் முதலியார்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மூன்று பாத்திரம். எனக்குச் சமையல் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் படிக்க விட்டார்கள், அடுப்புப் பக்கம் விடவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து வருகிற வாசனையை வைத்துத்தான் நான் சமைக்கவே கற்றுக்கொண்டேன். எதிர் வீட்டில் வெந்தயம் சிவக்கிற வாசனை வரும். என் சட்டியில் அது வரும்வரை வறுப்பேன். பக்கத்து வீட்டில் புளி பச்சை வாடை போய்க் கொதிக்கும். என்னுடையதும் அப்படி ஆகும்வரை இறக்க மாட்டேன்.

போகப்போக மூக்கு தேர்ந்துவிட்டது. கொதிக்கிற குழம்பின் ஆவி முகத்தில் பட்டாலே உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியும். எடுத்து நக்கிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

விருந்துச் சமையல் எனக்கு வராது. வீட்டுச் சமையல்தான். தக்காளி ரசம், கத்திரிக்காய்க் காரக்குழம்பு, கீரை மசியல், ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுவல். ஆபீஸில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் மாடியில் இருக்கிற பிரிவில் இருந்து ஆள் இறங்கி வரும். வேலையில் என்னை ஒருவரும் பெரிதாகப் பாராட்டியதில்லை. அந்த ரசத்தைப் பாராட்டாத ஆளில்லை.

மூக்கு போன பிறகு ஸ்பூன் கணக்கில் சமைத்தேன். உப்பு ஒன்றரை, மிளகாய்த்தூள் இரண்டு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். நிறம் பார்த்து இறக்கினேன்.

"நல்லாருக்கு"

என் வீட்டுக்காரர் ராமலிங்கம் முப்பது வருஷம் கடலூர் ரோட்டில் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டில் குறை சொல்லாமல் கை கழுவ மாட்டார். உப்பு கம்மி, காரம் தூக்கல், நேற்று வைத்த மாதிரி இல்லை என்று தினமும் ஏதாவது இருக்கும். கல்யாணமான நாளில் இருந்து அதற்கு நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

காய்ச்சலுக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை. "நல்லாருக்கு." காலையில் நல்லாருக்கு, மதியம் நல்லாருக்கு. நானும் ஸ்பூன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். நடுவில் இரண்டு முறை அவருக்கு வயிறு கெட்டு, ஒரு முறை குளுக்கோஸ் ஏற்றுகிற வரைக்கும் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் போண்டா தின்றேன் என்று டாக்டரிடம் சொன்னார். அதையும் நம்பினேன்.

பங்குனி மாதத்தில் ஒரு மதியம் என் நாத்தனார் சரோஜா அண்ணி வந்தார். இவருக்கு அக்கா. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர். இந்த வயதிலும் அக்காவும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்வார்கள். இருவருக்கும் சோறு போட்டேன். முதல்நாள் செய்த பூசணிக்காய்க் கூட்டைச் சூடு பண்ணி வைத்தேன். அண்ணி ஒரு வாய் எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். தம்பியின் தட்டைப் பார்த்தார். அவர் பாதிக் கூட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"டேய், இது ஊசிப்போயிருக்கு. இத எப்பிடிடா துன்ற?"

"நல்லாத்தான இருக்கு," என்று சொல்லி இவர் இன்னொரு வாய் எடுத்தார்.

அண்ணி தட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அதை விடு என்றார். மறுபடி கேட்டேன்.

"நீ அடுப்பாண்ட நின்னு தெனம் பாடுபட்டுச் சமைக்கிற. நான் எப்பிடிச் சொல்றது?" என்றார்.

குளுக்கோஸ் பாட்டிலுக்குக் கீழே அவர் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. கெட்டுப்போனதை என் கையாலேயே போட்டு, அவரை அங்கே படுக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கே கரண்டியைக் கீழே வைத்தேன். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு பத்து மாதம் எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவது தவிர வேறெதற்கும் அடுப்பு எரியவில்லை. அதையும் அவர்தான் காய்ச்சினார். சாப்பாடு மெஸ்ஸில் இருந்து வந்தது.

வாசனை இல்லாத ரோஜா

இவர்தான் என்னை இழுத்துக்கொண்டு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனார். இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். மருந்து மாத்திரை அதிகம் இல்லை, பயிற்சிதான் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் நான்கையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருக்கும் என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

டாக்டர் சொன்னது ரோஜா எண்ணெயாக இருக்கலாம். இவர் காதில் ரோஜா என்றுதான் விழுந்தது. மறுநாள் பூக்கடையில் இருந்து நீளக் காம்போடு ஒரு சிவப்பு ரோஜா வந்தது. நான் முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. அவர் வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"எனக்கும் ஒண்ணும் வரலையே," என்றார்.

காய்ச்சலுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

விஷயத்தைக் கேட்ட மத்தில்டு அக்கா, கடை ரோஜாவுக்கு வாசனை எங்கே இருக்கிறது, அது பார்ப்பதற்கு மட்டும்தான் என்றார். அவர் வியட்நாமில் சைகோனில் பிறந்து, சின்ன வயதிலேயே புதுச்சேரிக்கு வந்து வளர்ந்தவர். குருசுக்குப்பத்தில் அவர் தம்பி வீட்டில் ஒரு பன்னீர் ரோஜாப் புதர் இருந்தது. அதில் இருந்து பென்சில் கனத்தில் நான்கு குச்சிகள் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். ஆடி மாதம். நட்டால் பிடிக்கும் என்றார்.

ஸ்டியரிங் பிடித்த கைக்கு மண் புதிது. பழைய பெயிண்ட் வாளிகளிலும், ஓடாத வாஷிங் மெஷினின் டிரம்மிலும் செம்மண்ணும் எருவும் நிரப்பினார். முதல் குச்சிக்குத் தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டி அழுக வைத்தார். இரண்டாவதை மாவுப்பூச்சி தின்றது. மூன்றாவதும் நான்காவதும் துளிர்த்தன. வேப்பெண்ணெய் தெளித்தார். டீ வடிகட்டிய சக்கை, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், மீன் கழுவின தண்ணீர் என்று யார் எதைச் சொன்னாலும் அதை அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிவந்து கொட்டினார். செடியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பஸ்ஸின் அடியில் படுத்து இன்ஜினைப் பார்க்கிற அதே முகம்.

புரட்டாசியில் முதல் மொட்டு விட்டது. வெளிர் ரோஸ் நிறம். விரிந்ததும் அடுக்கு அடுக்காக இதழ். மதியத்துக்குள் உதிர்ந்துவிடுகிற பூ. அதனால் விடிந்ததும் என்னை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனார். மூக்கைப் பூவுக்குள் புதைத்தேன். மூக்கு நுனியில் பனி பட்டது. சில்லென்றிருந்தது. வேறொன்றும் இல்லை.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரிவதைச் சொன்னால் அதையாவது நினைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. அவர் நீண்ட நேரம் முகர்ந்துவிட்டு, "ரோஜா மாதிரிதான் இருக்குது வசந்தா," என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நான் கீழே இறங்கி வந்து படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் விடவில்லை. பூத்த அன்றெல்லாம் முகர்ந்தேன். பூக்காத அன்று கிராம்பையும் எலுமிச்சையையும் முகர்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி.

யாரும் விதைக்காதது

ஐப்பசி மழை விட்டதும் ரோஜா டிரம்மில் ஏழெட்டு நாற்றுகள் தலை நீட்டின. இவர் எப்போதோ கொட்டிய அழுகல் தக்காளியில் இருந்து வந்தவை. ரோஜாவின் சத்தை உறிஞ்சிவிடும் என்று பிடுங்கப் போனார். நான் வேண்டாம் என்றேன். வந்ததை ஏன் விரட்ட வேண்டும் என்று தோன்றியது. நான்கைப் பிரித்து வேறு வாளிகளில் நானே வைத்தேன். ரோஜா அவருடையது, தக்காளி என்னுடையது என்று ஆயிற்று.

ரோஜா நம்மைக் காக்க வைக்கும். தக்காளிக்குப் பொறுமையே கிடையாது. காலையில் பார்த்ததற்கும் சாயந்திரம் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும். மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். மஞ்சள் பூ வந்தது. மிளகளவில் காய் வந்தது. கட்டியதை மறுநாளே மீறி வளர்ந்து கிடக்கும். அதட்டிக்கொண்டே மறுபடி கட்டுவேன். எத்தனையோ மாதம் கழித்து எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

இலைக்கும் தண்டுக்கும் நடுவில் முளைக்கிற பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் காய் பருக்கும் என்று மத்தில்டு அக்கா சொல்லியிருந்தார். மார்கழியில் ஒரு காலை, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் பச்சைப் பிசின். மூக்கு அரித்தது. புறங்கையால் தேய்க்காமல், நினைவில்லாமல் விரலாலேயே தேய்த்துவிட்டேன்.

ஏதோ ஒன்று உள்ளே போயிற்று.

காரமான, பச்சையான, கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரியான ஒன்று. முதலில் வாசனை என்றே புரியவில்லை. யாரோ பின்னால் இருந்து தொட்டது போல இருந்தது. விரலை மறுபடி மூக்கில் வைத்தேன். இருந்தது. எடுத்தேன், போயிற்று. வைத்தேன், வந்தது. அப்போதுதான் கத்தினேன்.

நுரை முகத்தோடு வந்து நின்றவரின் மூக்கில் விரலை வைத்து, என்ன வாசனை என்று கேட்டேன். அவர் பயந்துபோய், "தக்காளி எல வாசன," என்றார்.

"ஆமாங்க. எனக்கும் அதுதான் அடிக்குது."

அவர் என் பக்கத்தில் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். மத்தில்டு அக்கா படியில் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, யாருக்கோ பிரெஞ்சில் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ரசம்

மற்றவை ஒரேயடியாக வரவில்லை. ஒவ்வொன்றாக, வரிசை இல்லாமல் வந்தன. அடுத்து எலுமிச்சை. பிறகு, யாரும் கேட்காமலே, பினாயில். காப்பி வந்தபோது எரிந்த டயர் நாற்றமாக வந்து, மாதக்கணக்கில் என்னைப் படுத்திவிட்டுத்தான் காப்பியாக மாறியது. ரோஜா கடைசியாக வந்தது. நான் அதை எதிர்பார்க்காத ஒரு நாளில், செடிக்கு முதுகைக் காட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, காற்றில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆறு பூ பூத்திருந்தது.

அந்த இதழ்களை மத்தில்டு அக்கா சர்க்கரையோடு காய்ச்சி ஒரு புட்டியில் கொடுத்தார். அவர் அதை கொன்ஃபித்யூர் என்பார், நாங்கள் ரோஜா ஜாம் என்போம். நீள ரொட்டியில் தடவித் தின்றோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது தை மாதத்து ரசத்தைப் பற்றி. அப்போது சமையலுக்கு ஆகிற வாசனைகளில் தக்காளி இலை, எலுமிச்சை, பெருங்காயம், பூண்டு, சீரகம், இவ்வளவுதான் எனக்குத் திரும்பியிருந்தன. ரசத்துக்கு இவை போதும் என்று துணிந்தேன். சரோஜா அண்ணியைச் சாப்பிட வரச் சொல்லுங்கள் என்றேன். இவர் தயங்கினார். என் கைப்பக்குவம் போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவர் அண்ணி. அதனால்தான் அவரை வரச் சொல்கிறேன் என்றேன்.

பழங்கள் நாட்டுத் தக்காளி. கோணலும் மாணலுமாக, மெல்லிய தோல் வெடித்துக் கிடந்தன. ஒன்பது பழம் பறித்தேன். கையாலேயே பிசைந்து, கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றினேன். பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டேன். நுரை கூடி வரும்போது குனிந்து ஆவியை முகத்தில் வாங்கினேன். உப்பு பற்றவில்லை என்று தெரிந்தது. அளவுக் கணக்கால் அல்ல, மூக்கால் தெரிந்தது. அரைக் கை போட்டேன். மறுபடி குனிந்தேன். உப்பு சரியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை எதற்கும் கொடுக்க மாட்டேன்.

ரசம், பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அவ்வளவுதான் சமையல். அண்ணி முதலில் தட்டருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். நானும் கோபப்படவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு. அன்று அவர் தட்டைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கெட்டுப்போன கூட்டை நல்லாருக்கு என்று விழுங்கிக்கொண்டிருப்பார். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். கடைசியில் உள்ளங்கையைக் குழித்து ரசத்தை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பாத்திரம் கொடு என்றார்.

இவர் மெதுவாகச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை கழுவ எழுந்தவர், நின்று, கொஞ்சம் யோசித்தார்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

உண்மைதான். நாட்டுப் பழத்தோடு புளியும் சேர்த்திருக்கக் கூடாது. கொதிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுதால் அண்ணிக்குக்கூடச் சொல்லிக் காட்டத் தோன்றாது போலிருக்கிறது. கையில் பாத்திரத்தோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெரிய மார்க்கெட்

அந்த வாரமே தனியாகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்குவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நடந்தேன். பூக்கடை வரிசையில் மரிக்கொழுந்தா துளசியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பச்சை வாசனை. மளிகைக் கடை வாசலில் சீரகம். வாழைக்காய் மண்டிப் பக்கம் ஈரச் சாக்கு. சாக்கடையும் நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்து நான் சிரித்தேன்.

மீன் கடைகள் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி. நான் வெகுநேரமாக நிற்பதும், மூச்சை இழுப்பதும், மீனைத் தொடாமல் இருப்பதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாக்கா, மீன் வாங்க வந்தியா, மோந்து பாக்க வந்தியா?"

"மோந்து பாக்கத்தாம்மா வந்தேன்," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குவியலின் உச்சியில் இருந்த சங்கராவை எடுத்து, வாலைப் பிடித்து, என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாரு. வெடிகாலைல வந்தது."

கண்ணை மூடிக்கொண்டு, ஆர அமர, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

கடல்தான். சந்தேகமே இல்லை, கடல்.